ஒன்பது வீட்டு வாணவெடி

அன்று அங்கே இருந்தவர்கள் மொத்தம் இருபத்தேழு பேர். எண்ணித்தான் சொல்கிறேன். கணவர் இறந்தபின் அரசாங்க உதவித்தொகையில் வீடு நடத்தும் பெண்கள் ஒன்பது பேர். அவர்களுடைய பிள்ளைகள் பதின்மூன்று. ஊராட்சி கிளார்க் முருகேசன். பற்றவைப்பதற்காக வந்திருந்த பட்டாசுக் கம்பெனி போர்மேன் மாரியப்பன். கம்பெனி வேன் ஓட்டும் என் வீட்டுக்காரர், கையில் இரண்டு வாளி மணலோடு. தார்ரோட்டு ஓரத்தில், ஸ்கூட்டரை விட்டு இறங்காமல், அச்சாபீஸ் அண்ணாச்சி. அப்புறம் நான்.

மாடியில் நின்று பார்த்தவர்களை இதில் சேர்க்கவில்லை. அவர்கள் நிற்பது அப்போது எனக்குத் தெரியாது.

நாலு தடவை எண்ணினேன். பட்டாசு வேலை பார்த்தவர்களுக்கு ஆள் எண்ணுகிற பழக்கம் போகாது. எத்தனை பேர் உள்ளே போனார்கள், எத்தனை பேர் வெளியே வந்தார்கள் என்பதுதான் எங்களுக்கு முதல் கணக்கு.

தீபாவளி நாள். மத்தியானம் பிடித்த மழை ஆறே முக்காலுக்குத்தான் விட்டது. ஊருக்கு மேற்கே இருந்த பொட்டலில் காலை வைத்தால் செருப்பு ஒட்டிக்கொண்டது. ஏழு மணிக்கு மேல் எட்டு மணிக்குள் வெடித்து முடித்துவிட வேண்டும், சட்டம் அப்படி. நடுவில் ஒரு மரப்பலகை. பலகை மேல் தார்ப்பாய். தார்ப்பாய்க்குள் மூன்று பெட்டி.

அந்த மூன்று பெட்டியும் ஊராட்சிப் பணத்தில் வாங்கியவை. ஊர் கட்டிய வரிப்பணம். காசோலையில் இருந்த கையெழுத்து என்னுடையது. வெடிக்காவிட்டால் ஊர் சிரிக்கும். வெடித்தால் தணிக்கைக்காரர் கேட்பார், இது என்ன செலவு என்று. இரண்டில் எதற்குப் பயப்படுவது என்று தெரியாமல் இரண்டுக்கும் பயந்துகொண்டு நின்றேன்.

இந்தத் தொடரை முதலிலிருந்து வாசிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். காஸ் சிலிண்டரை மூடினோமா என்று பாதி வழியில் இறங்கித் திரும்பி வருகிறவள். புதிதாக வாசிக்கிறவர்களுக்கு ஒரு வரி: சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டை போகிற வழியில் உள்ள எங்கள் ஊராட்சிக்கு நான் ஒரு முறை தலைவராக இருந்தேன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். பெண்களுக்கு ஒதுக்கிய முறை என்று பிடித்து நிறுத்தினார்கள், ஜெயித்துத் தொலைத்தேன். ஐந்து வருஷமும் ஒவ்வொரு காசோலையையும் மூன்று தடவை வாசித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

பேச்சியம்மா கேட்டது

எல்லாம் காந்தி ஜெயந்தி கிராம சபையில் ஆரம்பித்தது.

அந்த வருஷம் ஒரு கம்பெனி பழைய வரிப்பாக்கியை மொத்தமாகக் கட்டியிருந்தது. பொது நிதியில் கொஞ்சம் மிச்சம் விழுந்தது. எங்கள் ஊராட்சியில் மிச்சம் என்ற சொல்லை நான் அதற்குமுன் கேட்டதில்லை. கம்பெனி விபத்துகளில் ஆளை இழந்த வீடுகள் ஒன்பது இருந்தன. தீபாவளிக்கு அந்த வீடுகளுக்கு ஏதாவது செய்யலாம் என்று எழுந்து சொன்னேன்.

"சேலை எடுத்துக் குடுத்துருவோம்மா. பில்லு ஈஸி" என்றான் கிளார்க் முருகேசன், மெதுவாக என் காதுக்கு மட்டும். ஆனால் மைக் பக்கத்தில் இருந்தது.

பெண்கள் பக்கத்திலிருந்து பேச்சியம்மா எழுந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஊர் முறையில் எனக்கு நாத்தனார். இருபத்திரண்டு வருஷம் பேன்சி பட்டாசுக்குத் திரி வைத்தவள். வானத்தில் போய்ப் பூவாக விரிகிற ரகத்தைத்தான் இங்கே பேன்சி என்போம். ஒரு பெட்டிக்குள் நூற்றுக்கு மேல் குழாய் நிற்கும். ஒரு குழாயிலிருந்து அடுத்த குழாய்க்கு நெருப்பு ஓடிப் போகிற திரியை வைப்பது அவள் வேலை. அவள் புருஷன் அதே கம்பெனியில் வெடிமருந்து காயவைக்கிற களத்தில் இருந்தார். ஒரு சித்திரை மாதம் களம் வெடித்தது. அதற்குப் பிறகு அவள் எந்தக் கம்பெனி கேட்டுக்குள்ளும் போகவில்லை. நூறு நாள் வேலையும் உதவித்தொகையும் ரேஷன் அரிசியும்தான்.

"மதினி, சேலை வேணாம். கெவருமெண்டு சேலையே நாலு கெடக்கு" என்றாள்.

"பெறவு என்ன வேணும், சொல்லு."

"நான் திரி வச்ச பெட்டி மேல போயி என்ன ஆவுதுன்னு பாக்கணும்."

சபை சிரித்தது. பின்னால் இருந்து ஒருத்தர், "அப்படியே பிரியாணியும் போட்டுருங்க தலைவரம்மா!" என்று குரல் கொடுத்தார்.

பேச்சியம்மா சிரிக்கவில்லை. "இருவத்திரெண்டு வருசம் வச்சிருக்கேன். அம்புட்டும் லோடு ஏறி வடக்க போயிருது. தீவாளிக்குத் தூரத்துல பொட்டுப் பொட்டாத் தெரியும். அது யாரு செஞ்சதோ. டெஸ்டு வெடிக்கையில எங்களை ரூமை விட்டு வரவிடமாட்டாக. எங்க வீட்டு மனுசரு மருந்தும் அதுக்குள்ளதானே இருந்துச்சு. ஒரு தடவை பாத்துக்கிடுறேனே."

சிரிப்பு நின்றது. ஆனால் சிரிப்பு நின்றால் சம்மதம் என்று ஆகாது.

அண்ணாச்சியின் கேள்வி

அச்சாபீஸ் அண்ணாச்சி எழுந்தார். பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கிற ஆபீஸ் அவருடையது. சீசன் முடிந்தால் காலண்டர். சிவகாசியில் தொழில், வீடு எங்கள் ஊரில். ஊரிலேயே பெரிய வீடு என்பதால் வீட்டு வரியும் அவருக்குத்தான் பெரிசு. ஒரு வருஷம்கூடத் தவணை தப்பியவர் இல்லை. ரசீதுகளைத் தேதிவாரியாகக் கோத்து வைத்திருப்பார்.

"தாயி, கோவிச்சுக்கிடாதீக. அரிசி குடுக்காக, சரி. பென்சன் குடுக்காக, சரி. புள்ளைகளுக்குப் பொஸ்தகம், செருப்பு, சைக்கிளு, அம்புட்டும் சரி. நான் ஒண்ணும் சொல்லல. கெழக்குத் தெருவுல வாய்க்கால் மூடி இல்லாமக் கெடக்கு. அதை விட்டுட்டு ஊர் வரிப்பணத்துல வாணம் விடணுமா? காசைக் கரியாக்குறதுன்னு சும்மா பேச்சுக்குச் சொல்லுவாக. நீங்க நெசம்மாவே ஆக்கப் போறீக."

சபை இப்போது அவர் பக்கம் சிரித்தது.

"அண்ணாச்சி வீட்ல மீன்தொட்டி இருக்கே. கலர் கலரா லைட்டெல்லாம் போட்டு. அது என்னத்துக்காம்?" என்றாள் பேச்சியம்மா.

"அது என் காசு தாயி. யார்ட்டயும் கைநீட்டி வாங்கல."

சொன்ன வேகத்தில் அண்ணாச்சி முகமே சுருங்கிவிட்டது, சொல்லியிருக்க வேண்டாம் என்று. ஆனால் அவர் சொன்னதில் தப்பும் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. என் புத்தி அப்படி. யார் கடைசியாகப் பேசுகிறார்களோ அவர்கள் சொல்வது சரியாகத் தோன்றும்.

பேச்சியம்மா உட்காரவில்லை. "சரி அண்ணாச்சி. அப்ப வயித்துக்கு மட்டுந்தான் ஊரு பாக்கும். கண்ணுக்குப் பாக்காது. அப்படித்தானே? சொல்லிட்டா நான் பாட்டுக்கு உக்காந்துக்கிடுவேன்."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு வந்த பதில் ஒன்றே ஒன்றுதான்: "கை தூக்குங்க."

கை தூக்கினார்கள். முருகேசன் இரண்டு முறை எண்ணினான். தீர்மானம் நிறைவேறியது, ஏழே ஏழு கை வித்தியாசத்தில். அண்ணாச்சி தீர்மான நோட்டை வாங்கி, தன் மறுப்பை மூன்று வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அச்சுப் போல எழுத்து. நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, "ஒங்க மேல வருத்தமில்ல தாயி" என்றார்.

ஒரு லேபிள்

அவள் கேட்டதை நான் ஏன் உடனே பிடித்துக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும்.

படிப்பை நிறுத்திய வருஷமே நான் பெட்டி ஒட்டப் போனேன். தீபாவளிக்கு முந்தின வாரம் கம்பெனியில் போனஸ் கொடுப்பார்கள். கூடவே ஆளுக்கு ஒரு கிப்ட் பெட்டி பட்டாசு. வேனில் வீடு திரும்பும்போது எல்லார் மடியிலும் ஒரு பெட்டி. பள்ளத்தில் வேன் குலுங்கும்போது எல்லாரும் பெட்டியைத்தான் பிடிப்போம், கம்பியைப் பிடிக்க மாட்டோம்.

வேன் வந்து நிற்கிற இடத்தில் பெட்டி வாங்குகிற ஆட்கள் காத்திருப்பார்கள். பாதி விலை. ஊரில் முக்கால்வாசிப் பேர் அங்கேயே விற்றுவிடுவார்கள். அந்தக் காசில்தான் எண்ணெய், மாவு, பிள்ளைகளுக்குத் துணி. பட்டாசு செய்கிற ஊரில் தீபாவளி அன்று சத்தம் குறைவாக இருந்ததற்குக் காரணம் அதுதான்.

முதல் வருஷம் என் பெட்டியை அம்மா விற்றாள். நான் அழவில்லை. விற்பதற்கு முன் மேலே ஒட்டியிருந்த லேபிளை மட்டும் எச்சில் தொட்டு உரித்து எடுத்துக்கொண்டேன். கறுப்பு வானம், அதில் ஒரு பெரிய சிவப்புப் பூ, பூவின் ஓரமெல்லாம் வெள்ளி. லேபிள் இல்லாத பெட்டி என்று வாங்குகிறவர் பத்து ரூபாய் குறைத்தார். அம்மா என் தலையில் ஒரு கொட்டு கொட்டினாள்.

டிரங்குப் பெட்டி மூடியின் உள்பக்கம் அந்த லேபிளை ஒட்டி வைத்தேன். கல்யாணத்துக்குப் பிறகும் அந்தப் பெட்டி என்னோடு வந்தது. திறக்கும்போதெல்லாம் பூ மேலே எழும்பும், மூடும்போது இறங்கும். நான் பார்த்த பேன்சி அவ்வளவுதான்.

தெருவிளக்கு என்று எழுதலாம்

வாங்கியதிலும் ஒரு வம்பு. பேச்சியம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: ஏதோ ஒரு பெட்டி கூடாது, அவள் வேலை பார்த்த கம்பெனியின் நூற்றிருபது ஷாட் பெட்டிதான் வேண்டும். "ஆளு மாறியிருக்கும். ஆனா அளவு நான் வச்ச அளவுதான். நான் பளக்கி விட்ட புள்ளைகதான் இப்ப வைக்கிது."

போர்மேன் மாரியப்பன் ஏற்பாடு செய்தான். கம்பெனி விலைக்கே பெட்டி ஐந்தாயிரத்து ஐநூறு. மூன்று பெட்டி. பிள்ளைகளுக்குக் கம்பி மத்தாப்பு, பூச்சட்டி, சங்குசக்கரம் இரண்டாயிரத்து நூறு. ஆக மொத்தம் பதினெட்டாயிரத்து அறுநூறு.

பில்லை மேஜையில் வைத்துவிட்டு முருகேசன் பேனாவைத் திறந்தான். "அம்மா, தெருவிளக்குப் பராமரிப்புன்னு எளுதிருவோம். ஒரு பய கேக்கமாட்டான்."

"பொய்யா எழுதவா?"

"வெளிச்சந்தானம்மா? ரெண்டும் வெளிச்சம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பொய்யாக எழுதுகிற தைரியம் எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. பள்ளிக்கூடத்தில்கூட வயிற்றுவலி என்று லீவு லெட்டர் எழுதினால் எழுதி முடிப்பதற்குள் வயிறு நிஜமாகவே வலிக்கும். "உள்ளதை எழுது" என்றேன்.

"என்னன்னு எளுத? 'பட்டாசு'ன்னா?"

"பட்டாசு, ஒன்பது குடும்பம் பார்ப்பதற்குன்னு எழுது."

முருகேசன் என்னை ஒருமாதிரி பார்த்தான். எழுதினான். எழுதி முடித்ததும், "இது வேலியில போறதைப் புடிச்சு மடியில விடுற மாதிரிம்மா" என்றான். உள்ளதை எழுதியதை நேர்மை என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். நேர்மை எல்லாம் இல்லை. பொய் சொன்னால் தூக்கம் வராது, அவ்வளவுதான்.

ஏழு மணி

மறுபடி அந்தப் பொட்டலுக்கு வருகிறேன்.

மாரியப்பன் தார்ப்பாயை எடுத்தான். முதல் பெட்டியைப் பலகையில் தனியாக வைத்தான். எல்லாரையும் ஐம்பது அடி பின்னால் தள்ளி நிறுத்தினேன். பிறகு எழுபது அடி. என் வீட்டுக்காரர், "இன்னும் கொஞ்சம் தள்ளுனா வீட்டுக்கே போயிருவோம்" என்றார். மழை, காற்று, நமுத்துப்போன திரி, சாய்ந்த பலகை, தணிக்கை, அண்ணாச்சி, எல்லாவற்றையும் யோசித்திருந்தேன். ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை.

மாரியப்பன் ஊதுபத்தியைக் காட்டிவிட்டு ஓடி வந்தான். திரி சீறியது. முதல் குழாய் வெடித்தது.

ஒன்பது பெண்களும் மேலே பார்க்கவில்லை.

கிழக்கே பார்த்தார்கள். தெற்கே பார்த்தார்கள். கழுத்தை நீட்டி, வானமும் தரையும் சேருகிற இடத்தில் புகை தேடினார்கள். எங்கள் பக்கம் சத்தம் கேட்டால் அப்படித்தான். கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி, எந்தத் திசை, புகை வெள்ளையா கறுப்பா என்று பார்ப்போம். திசை தெரிந்தால் கம்பெனி தெரியும். கம்பெனி தெரிந்தால் யார் வீட்டு ஆள் என்று தெரியும். பேச்சியம்மாவின் கை இடுப்பில் செருகியிருந்த போனுக்குப் போய்விட்டது. "எந்தக் கம்பெனி?" என்று பக்கத்தில் நின்றவள் என் கையைப் பிடித்துக் கேட்டாள். அவள் விரல்கள் சில்லென்று இருந்தன.

நான் என்ன பார்த்தேன்? நானும் தெற்கேதான் பார்த்தேன். முருகேசன் பார்த்தான். வாளியோடு என் வீட்டுக்காரர் பார்த்தார். ரோட்டோரம் அண்ணாச்சியின் தலை திரும்பியிருந்தது. தன் கையால் பற்றவைத்த மாரியப்பனே ஒரு நொடி திரும்பிப் பார்த்தான். வளர்ந்தவர்கள் பதினாலு பேரும் புகை தேடினோம். பிள்ளைகள் பதின்மூன்று பேர் மட்டும் வானத்தைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

என்ன செய்துவிட்டேன் நான்! சேலையே எடுத்துக் கொடுத்திருக்கலாம்.

பேச்சியம்மாவின் சின்ன மகள் செல்விதான் அம்மாவின் முகவாயை இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்தினாள். "யம்மா, அங்கன இல்ல. மேல. மேல பாரு!"

பேச்சியம்மா பார்த்தாள். பெட்டி பாதி தீர்ந்திருந்தது. மீதிப் பாதியையும் யாரும் சரியாகப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. மூச்சு திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது. புகை எங்கள் மேல் இறங்கியது. ஐந்தாயிரத்து ஐநூறு ரூபாய் அப்படிப் போனது.

"போதுமாக்கா? நிறுத்திருவோமா?" என்றேன்.

பேச்சியம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "எதுக்கு நிறுத்த? பயந்த பயமெல்லாம் மொதப் பெட்டியோட போச்சு. மாரியப்பா, அடுத்ததை வையி."

இரண்டாவது பெட்டி.

இப்போது எல்லாரும் மேலே பார்த்தோம். பேச்சியம்மா மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வலது கையைத் தொடைமேல் வைத்திருந்தாள். விரல்கள் அசைந்தன.

"நாலு" என்றாள். நான்கு கோடு மேலே கிழித்துக்கொண்டு போய்ச் சிவப்பாக விரிந்தன.

"நாலு." நான்கு.

"இப்ப எடமும் வலமும்." ஒன்று இடது பக்கம் சாய்ந்து போனது, ஒன்று வலது. வெள்ளியாக உதிர்ந்தன.

அவள் வானத்தைப் பார்க்கவே இல்லை. அவள் சொல்லச் சொல்ல வானம் செய்தது. மருந்தின் பெயர் அவளுக்குத் தெரியாது. எந்த வடநாட்டு ஊரில் யார் வீட்டுக் கல்யாணத்தில் அது வெடித்தது என்று தெரியாது. ஆனால் எந்தக் குழாய்க்கு அடுத்து எந்தக் குழாய், நடுவில் எத்தனை விரற்கடைத் திரி என்பது அவள் கையில் இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக அவள் அந்த அறைக்குள் உட்கார்ந்து பெட்டிக்குள் வானத்தை அடுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். நாங்கள் அதைத் திரி வைக்கிற வேலை என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

திடீரென்று எல்லாம் நின்றது. இருட்டு. பெட்டியிலிருந்து சின்னப் புகை. ஒரு பிள்ளை "அம்புட்டுதானா?" என்றது. நான் மாரியப்பனைப் பார்த்தேன். நமுத்துப் போச்சு. போச்சு.

"இரு. இங்கன திரியை நீட்டி விட்டிருக்கு" என்றாள் பேச்சியம்மா. கண்ணைத் திறந்து முகத்தை நிமிர்த்தினாள். "இப்ப அம்புட்டும் போவும். எல்லாரும் பாருங்க. இப்ப."

அவள் சொல்லி வாயை மூடவில்லை. மீதமிருந்த அத்தனை குழாயும் ஒரே மூச்சில் எழும்பின. வானம் முழுக்கப் பூ. பூவுக்குள்ளிருந்து பூ. ஓரமெல்லாம் வெள்ளி, அது உதிராமல் அப்படியே நின்று, யோசித்து, பிறகு எங்கள் தலைமேல் இறங்கி வருவது போல வந்தது. பொட்டலில் தேங்கிய மழைத்தண்ணீரில் எல்லாம் அதே பூ. மேலே பார்ப்பதா கீழே பார்ப்பதா என்று தெரியவில்லை. ஒன்பது பெண்களின் முகமும் சிவந்து, வெளுத்து, மறுபடி சிவந்தது. நான் பயப்பட மறந்துபோய் நின்றேன். என் ஆயுசில் அப்படி ஒரு அரை நிமிஷம் அதற்குமுன் இருந்ததில்லை.

புகை கலைந்தபோது என் பக்கத்தில் அண்ணாச்சி நின்றார். எப்போது ஸ்கூட்டரை விட்டு இறங்கி, அந்தச் சேற்றில் நடந்து வந்தார் என்று தெரியவில்லை. வேட்டி நுனியெல்லாம் சேறு. முகம் இன்னும் மேலேயே இருந்தது.

"தாயி, முப்பது வருசமா இந்தப் பூவை லேபிள்ல அடிக்கேன். சரக்கு விக்கிறதுக்காகக் கூட்டிப் போடுறோம்னுதான் நெனச்சிருந்தேன்." தலையை ஆட்டினார். "கொறச்சுல்ல போட்டிருக்கோம்."

மூன்றாவது பெட்டிக்கு ஒன்பது பெண்களும் சேர்ந்து எண்ணினார்கள். பிள்ளைகளும் எண்ணினார்கள். வானம் இருட்டி நிற்கிற இடம் வந்ததும் எல்லாரும் ஒரே குரலில் "இப்ப!" என்றார்கள். வானம் கேட்டது.

அப்போதுதான் ஊர்ப் பக்கமிருந்து ஓவென்று ஒரு கூச்சல். திரும்பிப் பார்த்தால் மொட்டைமாடி எல்லாம் ஆட்கள். கை தூக்காதவர்களும் இருந்தார்கள்.

அறுபத்திரண்டு ரூபாய்

தை மாதக் கிராம சபையில் அண்ணாச்சி மனு கொடுத்தார். ஏழைக் குடும்பங்களுக்கு வாணவேடிக்கை காட்ட ஊராட்சி விதியில் இடம் உண்டா என்று ஒரே கேள்வி. என்னால் நம்ப முடியவில்லை. நேராகவே கேட்டேன். "அன்னைக்கு நீங்களும் பாத்தீகளே அண்ணாச்சி?"

"பாத்தேன். கண்ணு நெறஞ்சுதான் வீட்டுக்குப் போனேன். அதுக்காக விதி மாறுமா தாயி? இன்னைக்கு நீங்க பேச்சியம்மாவுக்குக் காட்டுனீக. நாளைக்கு வாரவன் அவன் மச்சானுக்குக் காட்டுவான். கேக்காம விட்டா நான் மூணு வரி எளுதுனதுக்கு என்ன அர்த்தம்?"

அன்றும் அவர் பேசியது எனக்குச் சரியாகவே பட்டது. இன்றைக்கும் ராத்திரியில் யோசித்தால் ஒரு பக்கம் அவர் சரி, ஒரு பக்கம் அவள் சரி. எட்டாம் வகுப்புப் புத்திக்கு அதற்கு மேல் ஓடவில்லை. ஆனால் மறுபடி அந்தக் காசோலை வந்தால் கையெழுத்துப் போடுவேன். அது மட்டும் தெரியும்.

தணிக்கை வந்தது. முருகேசன் எழுதிய வரியை அவர்கள் பச்சை மையில் வட்டம் போட்டார்கள். விதியில் இடமில்லை, முழுத் தொகையையும் தலைவரிடமிருந்து வசூலிக்க என்று கடிதம் வந்தபோது என் பதவிக்காலம் முடிந்திருந்தது. மாதம் ஐநூறு வீதம் கட்டிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். ஆச்சரியம், அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். பயந்துகொண்டிருந்தது நடந்துவிட்டால் ஒரு நிம்மதி.

விஷயம் தெரிந்து ஒன்பது பேரும் வந்தார்கள். ஆளுக்கு நூறு. பேச்சியம்மா தொள்ளாயிரத்தைச் சுருட்டி என் கையில் திணித்தாள். நான் வாங்கவில்லை.

"ஏன், எங்க காசு காசில்லையா?" என்று கோபித்தாள்.

"இதை வாங்குனா நீங்க காசு குடுத்துப் பாத்ததா ஆயிரும் அக்கா. அது ஊரு குடுத்தது. ஊரு இல்லைன்னு சொன்னா, ஊருக்குத் தலைவியா இருந்தவ குடுத்தது. அப்படியே இருக்கட்டும்."

அவள் சுருட்டிய நோட்டுகளை நீவி மடித்தாள். பிறகு, "சரி மதினி. ஊரு குடுத்து நான் வாங்குனதாவே வச்சுக்கிடுறேன்" என்றாள். பணத்தைத் தலைப்பில் முடிந்துகொண்டு டீ கேட்டாள். போட்டுக் கொடுத்தேன்.

பதினாலு மாதம் கட்டியிருந்தேன். போன மாதம் ஒரு காலை அண்ணாச்சி வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. கையில் ஒரு பழைய லேபிள். அதன் பின்பக்கத்தில் பேனாவால் கணக்குப் போட்டிருந்தார். அந்த வருஷம் ஊராட்சிக்கு வந்த மொத்த வரி எவ்வளவு, அதில் தன் வீட்டு வரி எவ்வளவு, அப்படியானால் பதினெட்டாயிரத்து அறுநூறில் தன் பங்கு எவ்வளவு.

"அறுவத்திரெண்டு ரூவா வருது தாயி. இந்த அறுவத்திரெண்டை நான் திருப்பிக் கேக்கல." சட்டைப் பையிலிருந்து எண்ணி எடுத்து நீட்டினார். ஐம்பது ரூபாய்த் தாள் ஒன்று, பத்து ஒன்று, இரண்டு ரூபாய் நாணயம் ஒன்று. "என் பங்குக்கு மட்டுந்தான் நான் சொல்லமுடியும். மத்தவுக பங்குக்கு அவுகவுக சொல்லணும்."

பேச்சியம்மாவிடம் வாங்க மறுத்த நான் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

ஒன்றிய அலுவலகத்தில் கட்டும்போது கவுண்டரில் இருந்த பெண், "என்னம்மா இது, உதிரியா அறுபத்திரண்டு?" என்று கேட்டாள். "ஒருத்தர் பங்கு" என்றேன். அவள் தலையைத் தூக்காமல் ரசீது போட்டாள். அந்த ரசீதையும் லேபிளையும் டிரங்குப் பெட்டி மூடியில், பழைய பூவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

ரசீதின்படி, நான் இன்னும் கட்ட வேண்டியது பதினோராயிரத்து ஐநூற்று முப்பத்தெட்டு ரூபாய்.